பலகையில் அழித்த ஒரு வரி: ஹவுஸ் தொடரின் ‘அன்ஃபெய்த்ஃபுல்’

குளிர்கால இரவு. பகலெல்லாம் வீடற்றவர்களுக்குப் பணிவிடை செய்துவிட்டு வந்த கத்தோலிக்கப் பாதிரியார் டேனியல், தனியாக உட்கார்ந்து விஸ்கி குடிக்கிறார். கதவு தட்டப்படுகிறது. திறந்தால் முள்முடியோடும் காயங்களோடும் ரத்தம் வழிய இயேசு நிற்கிறார், கால் தரையில் படாமல். ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரின் 5ஆவது சீசனில் 15ஆவது எபிசோடான ‘அன்ஃபெய்த்ஃபுல்’ இப்படித்தான் தொடங்குகிறது. 2009 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். முடிவு வரைக்கும் இங்கே பேசியாக வேண்டும்.

இந்தக் காட்சியைக் கண்ட பாதிரியாருக்கு அப்போது கடவுள் நம்பிக்கையே இல்லை என்பதில்தான் எபிசோடின் பலம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் அவர் மேல் பாலியல் புகார் சொல்லியிருந்தான். அவர் மறுத்தார், யாரும் நம்பவில்லை. ஒரு தேவாலயப் பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அங்கி மட்டும் உடம்பில் இருக்கிறது, உள்ளே இருந்தது போய்விட்டது. அவருக்குப் பாதிரியார் வேலை இப்போது வெறும் வேலை. யாருக்கும் பிடிபடாத நோய்களைக் கண்டுபிடிக்கும் தொடரின் நாயகன் டாக்டர் ஹவுஸோ கடவுள் இல்லை என்று அடித்துப் பேசுகிறவர். ஆக நோயாளியும் நம்புவதில்லை, வைத்தியரும் நம்புவதில்லை. விசுவாசிக்கும் நாத்திகருக்கும் நடக்கும் வழக்கமான பட்டிமன்றம் இங்கே கிடையாது.

ஹவுஸ் இந்தக் கேஸை எடுப்பதே இதில் ஒன்றும் இருக்காது என்ற எண்ணத்தில்தான். குடித்தவர், களைத்தவர், எதையோ பார்த்தார், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் பாதிரியாரின் கால்விரல் ஒன்று கழன்று விழுகிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்கிறது: உணர்ச்சியில்லாத மரத்துப்போதல், ஒரு கண்ணில் பார்வை போவது, தோலில் தடிப்பு.

குடிக்கிறவருக்கு மாயக்காட்சி தெரிந்தால் வார்டில் முதலில் கேட்கும் கேள்வி, கடைசியாக எப்போது குடித்தார் என்பது. குடியை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் நினைவு தெளிவாக இருக்கும்போதே ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் அது ஒரு வகை. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் காய்ச்சல், நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் அது டெலிரியம் ட்ரெமன்ஸ். அது உயிரையே எடுக்கக்கூடியது. டேனியல் கையில் கிளாஸோடு இருக்கும்போதே பார்த்தார். இரண்டு கணக்கிலும் அது சரியாகப் பொருந்தவில்லை. இந்த இடறலைக் கவனித்துக்கொண்டால் முடிவு புரியும்.

நடுவில் எய்ட்ஸாக இருக்குமோ என்ற சந்தேகம் வருகிறது. அது குருட்டு யூகம் கிடையாது. எதிர்ப்புச் சக்தி சரிந்த உடம்பு எப்படித் தெரியுமோ அப்படித்தான் இவரும் தெரிகிறார். ஆனால் அந்தச் சந்தேகம் வந்த உடனேயே பழைய புகாரும் உயிர் பெறுகிறது. பாதிரியாருக்கு எய்ட்ஸ் என்றால் அந்தப் பையனுக்கும் ஆபத்து இருக்கலாமே என்று ஹவுஸின் குழுவில் இருக்கும் டாக்டர் டவுப் அவனைத் தேடிப் போய்ச் சொல்கிறார். நோயாளியின் ரகசியத்தை வெளியே கொண்டுபோவது சாதாரண விஷயம் இல்லை. நிஜ மருத்துவமனையில், முதலில் பரிசோதனை முடிவு உறுதியாக வேண்டும். அதற்குப் பிறகும் சட்டம் அனுமதிக்கும் வழியில் மட்டுமே இன்னொருவருக்குச் சொல்லலாம். சந்தேகத்தின் பேரில் கதவைத் தட்டுவது தவறு. கதையில் அந்தத் தவறு ஒரு நல்லதில் முடிகிறது, அவ்வளவுதான். பையன் மருத்துவமனைக்கு வருகிறான். பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இதற்குப் பிறகுதான் ஹவுஸ் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிற்கிறார். இந்தத் தொடரில் நோய் பிடிபடுவது பெரும்பாலும் ஏதோ ஒன்று புதிதாகச் சேரும்போது: வீட்டில் கிடைத்த ஒரு பொருள், மறைத்து வைத்த ஒரு உறவு. இங்கே நேர்மாறு. பட்டியலில் முதல் வரியாக இருந்த மாயக்காட்சியை ஹவுஸ் அடித்துவிடுகிறார். அது நோயின் அறிகுறியே இல்லை, விஸ்கியும் களைப்பும் செய்த வேலை. அதை எடுத்துவிட்டால் மூளையைச் சுற்றிக்கொண்டிருந்த யோசனையெல்லாம் கலைகிறது. மிச்சம் இருப்பவை ஒரே நோய்க்குள் அடங்குகின்றன. அதன் பெயர் விஸ்காட்-ஆல்ட்ரிச் சிண்ட்ரோம்.

பெயர் சில நொடிகளில் கடந்துபோய்விடும். ஆனால் இந்த நோயைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் எபிசோடே வேறாகத் தெரியும். மூனிச்சில் குழந்தை மருத்துவராக இருந்த ஆல்ஃப்ரெட் விஸ்காட் 1937இல் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைவு, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, தோலில் கரப்பான் (எக்ஸிமா), அடிக்கடி காதில் தொற்று. அவர்களின் சகோதரிகளுக்கு எதுவும் இல்லை. 1954இல் ராபர்ட் ஆல்ட்ரிச், இது தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது என்று ஒரு அமெரிக்கக் குடும்பத்தை வைத்துக் காட்டினார். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவை 1994இல் கண்டுபிடித்தார்கள். விஸ்காட் பார்த்த அதே குடும்பத்தின் வழியில் வந்தவர்களைப் பரிசோதித்து, அந்த மூன்று பையன்களின் மரபணுப் பிழை என்ன என்பதை 2006இல் உறுதிப்படுத்தினார்கள்.

அந்த மரபணு செய்யும் புரதம் ரத்த அணுக்களில் மட்டும் இருப்பது. அணுவுக்குள்ளே கட்டடச் சாரம் மாதிரி ஒரு அமைப்பு உண்டு. அது விரிந்து சுருங்கினால்தான் வெள்ளணு நகரும், கிருமியைப் பிடிக்கும். சாரம் கட்டும் மேஸ்திரி இல்லாவிட்டால் வெள்ளணு இருந்தும் பயன் குறைவு. தட்டணுவோ குறைவதோடு சிறுத்தும் போகிறது.

இந்தச் ‘சிறுத்து’ என்ற சொல்லில்தான் நோயைப் பிடிக்கும் வழி இருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் தட்டணு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எம்பிவி என்று ஒரு வரி இருக்கும், தட்டணுவின் சராசரி அளவு. சாதாரணமாக 7 முதல் 11 ஃபெம்டோலிட்டர் இருக்கும். இந்த நோயில் 3 முதல் 5க்கு இறங்கிவிடும். தட்டணு குறைவாக இருக்கிற ஒரு பையனை ஐடிபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கும் நோய், என்று முடிவு கட்டி வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஐடிபியில் எலும்பு மஜ்ஜை அவசரமாகப் புதிய தட்டணுக்களை அனுப்புவதால் அவை பெரிதாகவே இருக்கும். குறைவு, கூடவே சிறியது என்றால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இதிலும் கவனம் தேவை. ரத்தம் உறையாமல் வைக்கும், ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் ரத்தத்தை வைத்துவிட்டு நேரம் கடத்தினால் தட்டணுக்கள் ஊதிவிடும், எம்பிவி கூடிக் காட்டும். சீக்கிரம் மெஷினில் ஓட்ட வேண்டும். ரொம்பச் சிறிய தட்டணுக்களைச் சில மெஷின்கள் எண்ணாமலே விட்டுவிடும். அதனால் ஸ்லைடில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு ஆள் கண்ணால் பார்ப்பது அவசியம். அதற்குப் பிறகு கிருமியை எதிர்க்கும் புரதங்களான இம்யூனோகுளோபுலின் அளவுகள்: ஐஜிஎம் குறைந்தும், ஐஜிஏ, ஐஜிஇ கூடியும் இருக்கும். அணுக்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், மேஸ்திரி வேலை செய்யும் அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும்.

டேனியல் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. குடியும் தட்டணுவைக் குறைக்கும். அதனால் குடிக்கிறவருக்குத் தட்டணு குறைந்திருந்தால் யாரும் மேலே தோண்டுவதில்லை. பிரித்துப் பார்க்க எளிய வழி, குடியை நிறுத்திப் பார்ப்பது. குடியால் குறைந்ததென்றால் ஒரு வாரத்துக்குள் ஏறத் தொடங்கிவிடும். ஏறாவிட்டால் காரணம் வேறு. ‘இவர் குடிக்கிறவர்’ என்ற ஒரே பார்வை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அவரை ‘இவர் அந்தக் குற்றம் செய்தவர்’ என்று பார்த்த கண்களும் அதே வேலையைத்தான் செய்தன.

கதை எங்கே அவசரப்படுகிறது என்றும் சொல்ல வேண்டும். இந்த நோயில் உடம்பே தன் ரத்தக் குழாய்களைத் தாக்குவது உண்டு. சிறு குழாய் அடைத்தால் விரல் கருகலாம், நரம்புக்குப் போகும் குழாய் அடைத்தால் மரத்துப்போகலாம், கண்ணுக்குப் போவது அடைத்தால் பார்வை போகலாம். அதுவரை சரி. ஆனால் விரல் கருகித் தானாகக் கழல்வதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். முதலில் வலி, நீலம், பிறகு காய்ந்த கறுப்பு, நல்ல சதைக்கும் செத்த சதைக்கும் நடுவே ஒரு கோடு. அது யார் கண்ணிலும் படாமல் சாக்ஸுக்குள் முடிந்துவிடாது. பெரியவராகும் வரை நோய் தெரியாமல் இருந்தது மட்டும் நம்பக்கூடியதுதான், ஏனென்றால் புரதம் கொஞ்சமாவது உண்டாகும் லேசான வகை ஒன்று இருக்கிறது.

நம்பிக்கை திரும்புகிற இடத்துக்கு வருவோம். நோய் பிடிபட்டதால் பாதிரியார் மனம் மாறினார் என்று பலர் இந்த எபிசோடைச் சுருக்கிச் சொல்கிறார்கள். வரிசையைப் பாருங்கள். பையன் வந்து மன்னிப்புக் கேட்டது முன்னால், நோயின் பெயர் தெரிந்தது பின்னால். அவருக்குள் செத்துப்போயிருந்தது அந்தப் படுக்கைப் பக்கத்தில்தான் அசைகிறது. பிறகு ஹவுஸ் வந்து விளக்கும்போது, தற்செயல்கள் இத்தனை ஒன்றாகச் சேருமா என்று பாதிரியார் எண்ணிப் பார்க்கிறார். அந்தக் காட்சியைப் பார்க்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டார். வராவிட்டால் பையனும் வந்திருக்க மாட்டான். ஹவுஸிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறது. மொத்தத்துக்குப் பதில் அவரிடம் இல்லை, அவர் அதைத் தேடுவதும் இல்லை. அறிகுறி இல்லை என்று அழித்த வரி, ஒருவருக்கு அர்த்தமாக மிஞ்சுகிறது. இரண்டு பேரில் யாரையும் முட்டாளாக்காமல் எழுதியிருப்பது இந்த எபிசோடின் பெரிய நேர்மை. கூடவே ஓடும், மருத்துவமனைத் தலைவர் டாக்டர் கடியின் (Cuddy) குழந்தைக்கு யூத முறைப்படி பெயர் சூட்டும் கதையும், ஹவுஸ் பியானோ முன் தனியாக உட்காரும் முடிவும் இதே கேள்வியைச் சத்தமில்லாமல் தொடுகின்றன.

டேனியலுக்கு அடுத்து என்ன ஆகும் என்று எபிசோட் காட்டுவதில்லை. குழந்தையாக இருந்தால் மஜ்ஜை மாற்று சிகிச்சை, அதுவும் சிறு வயதில் செய்தால் பலன் அதிகம். இவர் வயதில் இம்யூனோகுளோபுலின் ஊசி, தொற்று வராமல் ஆன்டிபயாடிக், ரத்தக் குழாய் வீக்கத்தை அடக்கும் மருந்து. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி கூடாது. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தான். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் எங்கே கட்டி தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். பாதிரியாருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரு சகோதரி இருந்தால், அந்தச் சகோதரி இந்த மரபணுப் பிழையைச் சுமக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிச் சுமந்தால் அவருக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான். அந்த வீட்டுக்கு யாராவது போன் செய்ய வேண்டும்.