ஏ லெவல் சோஷியாலஜி: புதிதாக வந்த பிள்ளைக்கு மார்க் எங்கே போகிறது

பதினைந்து, பதினாறு வயதில் இங்கிலாந்துக்கு வந்து, சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் தேர்வுக்குப் படிக்கும் கடைசி இரண்டு பள்ளி ஆண்டுகள்) சோஷியாலஜி, அதாவது சமூகவியல், எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் முதல் தவணையிலேயே சறுக்குகிறார்கள். ஆங்கிலம் போதவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். விடைத்தாளை எடுத்துப் பார்த்தால், பாடம் முழுக்க அதில் இருக்கும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கும் மதுரையில் பிளஸ் டூவுக்கும் கைகொடுத்த மனப்பாடம் இங்கே பாதி வழி வரைக்கும்கூட வராது.

கணக்கைப் பாருங்கள். பள்ளிகள் அதிகம் எடுப்பது ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். கோர்ஸ்வொர்க் (ஆண்டுக்குள் செய்து கொடுத்து மார்க் வாங்கும் வேலை) கிடையாது. இரண்டாம் ஆண்டின் முடிவில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம், 80 மார்க். முதல் தாள் கல்வி, இரண்டாவது பள்ளி தேர்ந்தெடுக்கும் இரண்டு தலைப்புகள் (பெரும்பாலும் குடும்பமும், மதம் அல்லது ஊடகமும்), மூன்றாவது குற்றம். கோட்பாடும் ஆய்வுமுறையும் முதல் தாளிலும் மூன்றாம் தாளிலும் வரும். ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 30 மார்க் கட்டுரைக்கு 45 நிமிடம். அந்த 30-இல் அறிவுக்கு 12தான். அதைக் கேள்வியோடு பொருத்துவதற்கு 9, அதன் பலம், பலவீனத்தை எடைபோடுவதற்கு 9. மனப்பாடம் அந்தப் பன்னிரண்டை மட்டுமே தொடும்.

பொருத்துவது என்றால் என்ன? கட்டுரைக் கேள்விக்கு மேலே 'ஐட்டம்' என்று ஒரு சிறு பத்தி தருவார்கள். அதில் உள்ள இரண்டு மூன்று குறிப்புகளைப் பிடித்து, ஒவ்வொன்றையும் விரித்து எழுத வேண்டும். 'சில மாணவர்களை ஆசிரியர்கள் திறமை குறைந்தவர்களாகக் கருதுகிறார்கள்' என்று ஒரு வரி இருந்தால், அதுதான் லேபலிங் (முத்திரை குத்துதல்) கோட்பாட்டுக்கு வாசல். 1968-இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர்கள் 'இவர்கள் வேகமாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்ன பிள்ளைகள் உண்மையில் குலுக்கல் முறையில் பொறுக்கப்பட்டவர்கள். ஆசிரியரின் எதிர்பார்ப்பே பிள்ளையின் வளர்ச்சியை மாற்றுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதைச் சொன்ன கையோடு எடைபோடுங்கள்: லண்டன் பள்ளி ஒன்றில் மேரி ஃபுல்லர் ஆராய்ந்த கறுப்பின மாணவிகள், தங்கள்மேல் ஒட்டிய முத்திரையை ஏற்காமல் நன்றாகப் படித்துக் காட்டினார்கள். எனவே முத்திரை விழுந்தால் தோல்வி நிச்சயம் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியம் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. பலர் எழுதாமல் விடுவதும் இதைத்தான்.

முதல் தாளில் 20 மார்க்குக்கு ஒரு கேள்வி வரும். ஒரு கல்விச் சிக்கலைத் தந்து, அதைக் குறிப்பிட்ட ஓர் ஆய்வுமுறையால் ஆராய்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். எங்கள் பார்வையில் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான். ஆய்வுமுறை கேள்வித்தாள் (தேர்வுத் தாள் அல்ல, மக்களிடம் கொடுத்து விடை எழுதி வாங்கும் வினாப்படிவம்) என்றால், அது மலிவு, விரைவு, பலரை எட்டும் என்று பொதுவாக எழுதி முடித்துவிடுவார்கள். பெற்றோர் பள்ளிக் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் பிள்ளையின் பையில் வீட்டுக்குப் போகும். பாதி அந்தப் பையிலேயே கசங்கிக் கிடக்கும். ஆங்கிலம் தயங்கும் அம்மாவுக்கு அதை வாசித்துச் சொல்வது அதே பிள்ளைதான். 'வேலை நேரம் ஒத்துவரவில்லை' என்று எழுதச் சொன்னால் எழுதும், 'போனால் அவமானப்படுத்துவார்கள் என்று பயம்' என்று எழுதச் சொன்னால் கை தயங்கும். பள்ளியின் முத்திரையோடு வந்த தாள் என்பதால் பெற்றோரும் நல்ல பதிலையே தேடுவார்கள். கூட்டத்துக்கு வராதவர்களே தாளையும் திருப்பித் தராதவர்கள் என்பதால், கிடைக்கும் விடைகள் யாருடையவை என்ற கேள்வியும் எழும். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணால் கண்டது. அதைப் பாடத்தின் சொல்லில் எழுதினால் மார்க் தானாக வரும்.

அந்தச் சொற்களில்தான் தமிழ் நமக்கு ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. ரிலையபிலிட்டி, வேலிடிட்டி இரண்டுமே மனதுக்குள் 'நம்பகத்தன்மை' என்றுதான் விழும். முதலாவது, இன்னொருவர் அதே முறையில் திரும்பச் செய்தால் அதே முடிவு வருமா என்பது. இரண்டாவது, கிடைத்த சித்திரம் உண்மையானதா என்பது. மேலே சொன்ன அம்மாவின் கேள்வித்தாளில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. இரண்டையும் மாற்றி எழுதினால் கட்டுரையே கவிழும். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஒரு அட்டை போடுங்கள்: சொல், தமிழில் ஒரு வரி, ஓர் ஆய்வாளர், பிரிட்டனிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தேர்வில் இருமொழி அகராதி வேண்டுமானால் பள்ளியின் தேர்வு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வகுப்பிலும் அதைப் பயன்படுத்தி வந்திருக்க வேண்டும். அகராதியில் சொல்லுக்குச் சொல் மட்டுமே இருக்கலாம். நம் வீடுகளில் இருக்கும் தடித்த அகராதிகள் விளக்கமும் தருவதால் பெரும்பாலும் உதவாது.

பாடநூல் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும் பிரிட்டிஷ் பின்னணியும் ஒன்று உண்டு. 1944 கல்விச் சட்டம், பதினொரு வயதுத் தேர்வு, அதில் தேறியவர்கள் போன கிராமர் பள்ளி, 1965-க்குப் பின் பரவிய, தேர்வில்லாமல் எல்லோரையும் சேர்க்கும் கம்பிரிஹென்சிவ் பள்ளி, பள்ளிகளைச் சந்தையாக்கிய 1988 சட்டம்: இந்த வரிசையை முதல் மாதத்திலேயே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இது தெரியாமல் கெவிர்ட்ஸ் என்ற ஆய்வாளரின் 1995 ஆய்வு புரியாது. லண்டனின் 14 பள்ளிகளை வைத்து, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லாப் பெற்றோருக்கும் ஒன்றல்ல என்று காட்டியவர் அவர். படித்த, வசதியுள்ள பெற்றோர் விதிகளை அறிந்து காய் நகர்த்துகிறார்கள், மற்றவர்கள் பக்கத்துப் பள்ளியோடு நிற்கிறார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஆசிய மாணவர்' என்று பொதுவாக எழுதாதீர்கள். புள்ளிவிவரங்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் தனித்தனிப் பெட்டிகள். ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் 'பிற ஆசியர்' என்ற பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். இந்த வகைப்படுத்தலே யாரை மறைக்கிறது என்று கேட்பது நல்ல எடைபோடல்.

'எங்கள் வீட்டில்' என்று எழுதுவதற்கு மார்க் இல்லை. அந்த அனுபவத்துக்கு ஓர் ஆய்வாளரைக் கண்டுபிடியுங்கள். தெற்காசியக் கூட்டுக் குடும்பம் புலம்பெயர்வின்போது தாங்கிப்பிடித்தது பற்றி எழுத ரோஜர் பல்லார்ட் இருக்கிறார்.

பெற்றோருக்கு நாட்காட்டி முக்கியம். பல்கலைக்கழக விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக, இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தயாராகிவிடும். அதில் போகும் எதிர்பார்ப்பு கிரேடைப் பள்ளி பெரும்பாலும் முதலாண்டுத் தேர்வுகளை வைத்தே தீர்மானிக்கும். 'கடைசித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடாதீர்கள். வேலை விசாவில் வந்த குடும்பமாக இருந்தால், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக் கட்டணம் கேட்பார்களா, மாணவர் கடன் கிடைக்குமா என்பதையும் முதலாண்டிலேயே விசாரியுங்கள். லண்டனில் 16+ ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ் இலவசம். வருமானம் குறைந்த வீடாக இருந்தால் பர்சரி (உதவித்தொகை) படிவத்தை செப்டம்பரிலேயே பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.