அம்மாவின் மங்குகளில் வெள்ளைப் பாசி

காலை 7.45 மணிக்குத் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் எனக்குப் பதினைந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பின்வாசலில், ரம்புத்தான் மரத்து நிழல் விழுகிற இடத்தில் ஒரு நீளப் பலகை. அதன்மேல் பதினோரு மங்குகள். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய காலத்தில் பால் பிடித்த பீங்கான் கிண்ணங்கள்தான் இந்த மங்குகள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைக் காலி செய்து, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தபோது, ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மரப்பட்டைத் துண்டுகள், பட்டையின்மேல் பாசி. தீபாவளிக்கு முந்தின மாதம், ரவிக்கைத் துணி மலைபோல் குவிந்து கிடந்தாலும், அவற்றுக்குத் தண்ணீர் தெளித்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன்.

தமிழில் எல்லாமே பாசிதான். குளத்தில் மிதப்பது, குளியலறைச் சுவரில் வழுக்குவது, மரத்தில் மெத்தைபோல் படர்வது, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். நான் சொல்வது மரத்துப் பாசியை. அதிலும் ஒரே ஒரு வகையை. கித்தா மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரத்திலும் தென்னையிலும் எண்ணெய்ப் பனையான செம்பனையிலும் ஏறியிருக்கும். காய்ந்தால் சாம்பல் கலந்த வெள்ளை, நனைந்தால் இளம்பச்சை. ஆக்டோபிளெஃபாரம் ஆல்பிடம் என்பது அதன் அறிவியல் பெயர். முதல் சொல்லுக்கு எட்டு இமை என்று பொருள், இரண்டாவதற்கு வெண்மையானது. வெப்பமண்டலம் முழுக்க இது உண்டு, பிரேசிலிலும் உண்டு. கித்தா மரம்தான் கடல் தாண்டி இங்கே வந்தது. 1877ஆம் ஆண்டு வந்த கித்தாக் கன்றுகளில் சில நடப்பட்ட கோலகங்சார் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வந்த மரத்தில் இந்தப் பாசி தானாக ஏறிக்கொண்டது.

எனக்கு இது கிடைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் இருந்த தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த கித்தாக் காட்டையும் அழித்துச் செம்பனை போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றார் அம்மா. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். மரங்கள் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன. அம்மா ஒரு மரத்தருகில் உட்கார்ந்து, வெட்டுப்பட்டையைத் தடவினார். கத்தி ஓடிய பக்கம் வழுவழுப்பாக இருந்தது. கத்தி படாத பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பாசி.

"இது பச்சையா இருந்தா அன்னைக்கு வேலை இல்லம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். விடிவதற்கு முன்னால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு காட்டுக்குள் நுழைந்ததும், முதல் மரத்தின் பின்பக்கம் விளக்கை அடித்துப் பார்ப்பாராம். பாசி வெள்ளையாக இருந்தால் பட்டை காய்ந்திருக்கிறது, வெட்டலாம். பச்சையாக இருந்தால் ராத்திரி மழையில் மரம் நனைந்திருக்கிறது. அப்போது வெட்டினால் பால் கோட்டோடு இறங்காமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். கங்காணி சொல்வதற்கு முன்பே பாசி சொல்லிவிடுமாம். முப்பத்தோரு வருடம் அம்மா பார்த்த பாசி. அதே லயத்தில் வளர்ந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

அன்று உள்ளங்கை அளவுக்கு, பட்டையோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்து வந்தேன்.

அது ஏன் இப்படி நிறம் மாறுகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் தடிமன்தான். இதன் இலை அப்படி இல்லை. நடுவில் பச்சையம் உள்ள, உயிருள்ள செல்கள் ஒரே ஓர் அடுக்கு. அதற்கு மேலும் கீழும் உயிரில்லாத வெற்றுச் செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த வெற்று அறைகளில் காற்று இருக்கும்போது வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் புகுந்ததும் அறைகள் தெளிந்து, நடுவிலிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. வெள்ளை வாயல் துணி நனைந்தால் உள்ளே கொடுத்த லைனிங்கின் நிறம் தெரியுமே, அதேதான். தெளித்த உடனே குனிந்து பாருங்கள். ஓரத்திலிருந்து பச்சை உள்ளே ஓடுவது கண்ணுக்கே தெரியும். பத்து நொடிகூட ஆகாது.

வளர்க்கத் தொடங்கியபோது செடி வளர்ப்பதுபோல் வளர்த்தேன். அதுதான் தவறு. மங்கில் கறுப்பு மண் போட்டு, பூச்செடிக்குப் போடும் உரத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றினேன். இரண்டு வாரத்தில் நுனிகள் பழுப்பாயின. பாசிக்கு உறிஞ்சும் வேர் கிடையாது. அடியில் இருக்கும் நார்போன்ற இழைகள் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. தண்ணீரையும் சத்தையும் இலையாலேயே எடுத்துக்கொள்கிறது. மழையிலும் தூசியிலும் வருவதே அதற்குப் போதும். உரத்தை இலைமேல் கொட்டினால் தாங்குமா? அடுத்து, மோரில் பாசியை அரைத்துப் பூசினால் வேகமாகப் படரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தேன். எங்கள் ஊர் வெக்கைக்கு மூன்றே நாளில் பூசணமும் எறும்பும்தான் வந்தன. மோர் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதாக நடந்தது இன்னும் மனதில் நிற்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே என்று, மழைத்தண்ணீர் பிடித்துவைத்துத் தெளித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் நான் பிடித்தது பின்கட்டில் புதிதாகப் போட்ட தகரக் கூரையிலிருந்து. தகரத்துக்குப் பூசியிருக்கும் துத்தநாகம் மழையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும், அது பாசிக்கு நஞ்சு. குளிர் நாடுகளில் கூரையில் பாசி பிடிக்காமலிருக்க முகட்டில் துத்தநாகப் பட்டையையே அடித்துவைக்கிறார்கள். செம்பும் அப்படித்தான், பூஜைச் செம்பில் வைத்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அன்று இருந்த ஆறு மங்குகளில் நான்கு போய்விட்டன. இப்போது வாளியைத் திறந்த வெளியில் வைத்து, வானத்திலிருந்து நேராக விழும் மழையை மட்டும் பிடிக்கிறேன். எங்கள் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள பகுதி என்பதால், கிணற்றுத் தண்ணீரையும் நான் தொடுவதில்லை. மரப்பட்டையில் வளரும் இந்தப் பாசிக்குச் சுண்ணாம்பு ஆகாது.

இதையெல்லாம் சரி செய்த பிறகும், பாசி ஏனோ தேறவில்லை. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. மாதா மாதம் கொஞ்சம் மெலிந்தது. கடையை மூடிவிட்டு மாலை ஏழு மணிக்குத்தான் எனக்கு ஓய்வு, அப்போதுதான் தண்ணீர் தெளிப்பேன். வெயில் அடங்கிய பிறகு ஊற்றுவது நல்லது என்று பூச்செடிக்குச் சொல்வார்களே, அதே பழக்கம். காரணம் அதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாசி நனைந்தால் விழிக்கும், காய்ந்தால் உறங்கும். மற்றச் செடிகளைப் போல இலையில் துளைகளை மூடித் திறந்து ஈரத்தைக் காத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. விழித்திருக்கும் வரை சுவாசிக்கும், சுவாசித்தால் சேர்த்துவைத்த மாவும் சர்க்கரையும் செலவாகும். பகலில் வெளிச்சம் இருப்பதால் சம்பாதித்துக்கொள்ளும். இரவில் செலவு மட்டும்தான். வெக்கை கூடினால் அந்தச் செலவும் கூடும். கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சிக்குப் பக்கத்தில், 2,000 மீட்டர் உயரத்துக் காட்டில், பாசி மரத்தைப் போர்வையாக மூடியிருப்பதையும் கீழே மலையடிவாரத்துத் தாப்பாவில் அப்படி இல்லாததையும் பார்த்திருப்பீர்கள். மேலே இரவு குளிர்கிறது, செலவு குறைவு. கீழே இரவிலும் வெக்கை. வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் பாசி குறைவாக இருப்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நான் தினமும் மாலையில் அதை நனைத்து, ராத்திரி முழுக்க எழுப்பிவைத்து, இருந்ததையெல்லாம் செலவழிக்க வைத்திருக்கிறேன். விடியும்போது காய்ந்துவிடும். சம்பாதிக்க வேண்டிய நேரத்தில் உறங்கிவிடும். பாவம், எப்படித் தேறும்?

அன்றிலிருந்து காலைக்கு மாற்றினேன். வெளிச்சம் வந்ததும் நன்றாக நனையும்படி தெளிப்பேன். மத்தியானம் வரை ஈரம் நிற்கும். இரண்டு மணி வாக்கில் வெள்ளையாகிவிடும், அப்படியே விட்டுவிடுவேன். காய்வதைப் பார்த்து மனம் கேட்காமல் மறுபடி தெளிக்கக்கூடாது. நான்கு மாதத்தில் ஓரங்களில் புதுக் குருத்துகள் வந்தன. பாசி வளர்ப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

மற்றதெல்லாம் கைவேலை. மங்குக்கு அடியில் ஓட்டை இல்லாததால் தண்ணீர் தேங்கும். டைல் துளைக்கும் முனையை டிரில்லில் மாட்டி, மங்கைத் தண்ணீருக்குள் கவிழ்த்துவைத்து, அழுத்தாமல் மெதுவாகத் துளைக்க வேண்டும். என் கையில் மூன்று உடைந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் உடைந்த சில்லுகளைப் பொறுக்கி மற்ற மங்குகளின் அடியில் பரப்பினார். அதற்குமேல் பட்டை. கித்தாப் பட்டை இரண்டு வருடத்தில் மட்கிவிடுகிறது. செம்பனை மட்டையின் அடிக்கட்டை இன்னும் கொஞ்சம் தாங்குகிறது. பட்டையை அசையாமல் கட்ட வேண்டும், பாசிக்கு ஆட்டம் ஆகாது. பருத்தி நூலால் கட்டினேன், இரண்டு மாதத்தில் இற்றுப்போனது. இப்போது கரும்பச்சை பாலியெஸ்டர் நூல், கண்ணுக்கும் தெரிவதில்லை.

புதிதாக வளர்க்க விதை தேட வேண்டாம். இதன் இலை காய்ந்த நிலையில் மிக எளிதாக முறியும். முறிந்த துண்டிலிருந்தே புதுச் செடி வரும். காய்ந்த பாசியில் ஒரு சிட்டிகை எடுத்து, விரலால் நொறுக்கி, நனைத்த சொரசொரப்பான பட்டைமேல் தூவி, காற்றடிக்காத நிழலில் வையுங்கள். என் முதல் தூவலில் பச்சைப் புள்ளி தெரிய 87 நாள் ஆனது. காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். அதுவரை ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும், கலைக்காதீர்கள். விழுகிற ரம்புத்தான் இலையை மட்டும் அன்றாடம் எடுத்துவிடுங்கள். நூல் பிரிக்கும் சாமணம் அதற்குத் தோதானது. பக்கத்து வீட்டுக் கோழி ஒரு தடவை பலகையில் ஏறி இரண்டு மங்கைக் கிளறிவிட்டது. கம்பி வலை போட்ட பிறகு தொந்தரவு இல்லை.

போன டிசம்பர் மழையில் முதல் தடவையாகக் காய் விட்டது. அரை சென்டிமீட்டர்கூட வராத தண்டு, அதன் நுனியில் எள்ளைவிடச் சின்னதாய் ஒரு பழுப்புக் குப்பி. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பூதக்கண்ணாடியைக் கைப்பேசியில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குப்பியின் மூடி கழன்றிருந்தது. வாயைச் சுற்றி வெளிறிய பற்கள். எண்ணினேன். எட்டு. இன்னொரு குப்பியைப் பார்த்தேன், அதிலும் எட்டு. பாசிகளில் பதினாறு பல்தான் அதிகம் காணக்கூடியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹெட்விக் என்பவர் இந்த எட்டைப் பார்த்துத்தான் எட்டு இமை என்று பெயர் வைத்தார். அம்மாவிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை வருசம் பக்கத்துல நின்னும் இது தெரியலையே" என்றார்.

பாசி வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வனக்காப்புக் காட்டிலோ கேமரன் மலையிலோ உரிக்காதீர்கள். அங்கே விரல் அளவு உரிந்த இடம் மூட வருடக்கணக்காகும், அதோடு அந்த மலைப்பாசி நம் வெக்கையில் தாக்குப்பிடிப்பது கடினம். மறுநடவுக்கு வெட்டிச் சாய்த்த செம்பனை, காற்றில் விழுந்த கிளை, இவற்றில் இருப்பதே தாராளம். தோட்டத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உள்ளங்கை அளவு எடுத்தால் போதும். சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் நானே ஒரு சிட்டிகை பொட்டலம் கட்டித் தருகிறேன்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. விடியற்காலை எழும் பழக்கம் மட்டும் போகவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்வாசலுக்கு வரும்போது, அவர் ஏற்கெனவே பலகையோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி மழை இல்லாவிட்டால் பதினோரு மங்கும் வெள்ளையாக இருக்கும்.

"இன்னைக்கு வெட்டலாம்" என்பார்.

நான் தெளிக்கத் தொடங்குவேன்.