36 வரிகள்: சுவிஸில் ஒரு சின்னக் கட்சிக்கு வாக்களித்த அனுபவம்

சுவிஸ் குடியுரிமை எடுத்தபின் நான் வாக்களித்த முதல் நாடாளுமன்றத் தேர்தல் 2023 அக்டோபர் 22இல் நடந்தது. நான் இருப்பது சூரிச் மாநிலத்தில். சில வாரங்கள் முன்னமே வாக்குச்சீட்டு உறை தபாலில் வந்துவிட்டது. பிரித்தால், கட்சிக்கொரு சீட்டாகத் தடித்த கட்டு. ஊரில் புள்ளடி போட்டுப் பழகிய எனக்கு இது முற்றிலும் புதிய வேலை.

எந்தக் கட்சி என்பதில் குழப்பம் இருக்கவில்லை. ஈவிபி, அதாவது 1919இல் தொடங்கிய எவாஞ்சலிக்க மக்கள் கட்சி. நாடு முழுக்க அதற்கு 2 சதவீத வாக்குத்தான். கருக்கலைப்பு போன்றவற்றில் பழைமையான நிலைப்பாடு. வறுமை, காலநிலை என்று வந்தால் இடதுசாரிகளோடு நிற்கும். வெளிநாடுகளில் சூழலையும் மனித உரிமையையும் கெடுக்கும் சுவிஸ் நிறுவனங்கள் இங்கேயே பொறுப்புச் சொல்லவேண்டும் என்று 2020இல் மக்கள் வாக்கெடுப்பு வந்தபோது அதை ஆதரித்தது. 50.7 சதவீதம் பேர் ஆம் என்று வாக்களித்தும், பெரும்பான்மை மாநிலங்கள் மறுத்ததால் அது தோற்றது. இந்தக் கட்சிமேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

சூரிச்சுக்கு 36 ஆசனங்கள் என்பதால் சீட்டிலும் 36 வரிகள். அச்சிட்ட பெயரை வெட்டலாம், பிடித்தவரை இரண்டு முறை எழுதலாம், வேறு கட்சி ஆளையும் சேர்க்கலாம். எல்லாம் கையால்தான் எழுதவேண்டும். 'மேற்படி' என்று குறிபோட்டால் செல்லாது. பெயரை முழுதாக மீண்டும் எழுதவேண்டும். பசுமைக் கட்சிப் பெண்மணி ஒருவரைச் சேர்க்க நினைத்தேன். பலமுறை வாக்களித்த மேல்வீட்டு அக்கா சொன்னா: "எழுதலாம் தம்பி, ஆனா அந்த வரி அவையின்ட கட்சிக்குப் போயிடும். வெறுமையா விட்டாலும் உங்கட கட்சிக்குத்தான் சேரும்."

அதைக் கேட்டபின் வெளியாள் எவரையும் எழுதவில்லை. சின்னக் கட்சிக்கு ஒவ்வொரு வரியும் பெரிது. ஒரு பெயரை வெட்டி, ஒரு தடவை மட்டும் அச்சாகியிருந்த இன்னொருவரை இரண்டாம் முறை எழுதினேன். சீட்டைச் சிறிய உறையில் இட்டு, வாக்காளர் அட்டையில் கையொப்பம் வைத்து அனுப்பினேன்.

உடுப்பியில் பிறந்து சுவிஸ் தம்பதிக்குத் தத்துப்பிள்ளையான ஈவிபி வேட்பாளர் நிக் குகர் சூரிச்சில் மீண்டும் வென்றார். ஆர்காவ் மாநில ஆசனம் போனதால் கட்சி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. நாடாளுமன்றக் குழு அமைக்க ஐந்து பேர் வேண்டும், அதனால் மையக் கட்சியின் குழுவில்தான் இருவரும் இருக்கிறார்கள்.

முதல்முறை வாக்களிக்கும் எங்கட ஆட்களுக்கு ஒன்று: சூரிச்சில் வாக்காளர் அட்டையில் கையொப்பம் இல்லாவிட்டால் தபால் வாக்கு எண்ணப்படாது. உறையை ஒட்டுமுன் பாருங்கள்.