ஆர்ச்சர்ட் ரோட்டில் 32 வெள்ளிக்கு ஒரு கண்ணாடி உருண்டை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: 32 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் எலுமிச்சம்பழ அளவு கண்ணாடி உருண்டை ஒன்றுக்கு! நம்மூர்க் காசில் இரண்டாயிரத்தைத் தாண்டும். "லிட்டில் இந்தியா தேக்காவுல ரெண்டு வெள்ளிக்கே கிடைக்குமேடா" என்றார் சித்தி. அது பிளாஸ்டிக், சித்தி.

டிசம்பர் மழைக்கு ஒதுங்கித்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரின் பெயர் போட்ட பெட்டிகள். 1597இல் கண்ணாடிப் பட்டறை தொடங்கிய ஊர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கண்ணாடி உருண்டை செய்யத் தொடங்கியதும் அங்கேதான். கண்ணாடிக் குழாயைச் சுடரில் இளக்கி வாயால் ஊதுகிறார்கள். பழம், பறவை போன்ற உருவம் வேண்டுமென்றால் அச்சுக்குள் வைத்து ஊதுவார்கள். வெள்ளிப் பளபளப்பு வெளிப்பூச்சு இல்லை. உள்ளே வெள்ளி நைட்ரேட் கலந்த கரைசலை ஊற்றிக் குலுக்கினால், உள்சுவரில் வெள்ளி படிந்துவிடும். அப்புறம்தான் வெளியே சாயமும் தூரிகை வேலையும். கடைசியில் கழுத்தை அறுத்து உலோகத் தொப்பி மாட்டுகிறார்கள். இத்தனை வேலைக்கு 32 வெள்ளி நியாயம்தான், என் பட்ஜெட் அழுதாலும்.

அநியாயம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. 'கைவேலை' என்று அட்டை வைத்து 24 வெள்ளிக்கு விற்றார்கள். கடைக்காரரிடம் கேட்டுத் தொப்பியைக் கழற்றினேன். கழுத்து வழவழ பிளாஸ்டிக், உள்ளே வெள்ளியும் இல்லை. நகத்தால் தட்டினால் 'டொக்' என்கிறது. "டிசைன் கைவேலை சார்" என்றார். சரிதான்!

ஆர்ச்சர்ட் விளக்கு அலங்காரம் இலவசம், அதனால் அது பற்றி புகார் இல்லை. கூட்டம்தான் தாங்கவில்லை. எம்ஆர்டி ரயில் பிடித்து தேக்கா போய் மட்டன் பிரியாணி சாப்பிட்டோம். கறி எலும்பைவிட்டுத் தானாக உதிர்ந்தது. உருண்டை வாங்கிய வலியை அந்தப் பிரியாணிதான் ஆற்றியது.

உருண்டை இப்போது சித்தி வீட்டு மரத்தில் தொங்குகிறது. ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குத் தமிழ்த் திருப்பலிக்குப் போனபோது, வந்தவர் போனவரிடமெல்லாம் விலையைச் சொன்னது சித்திதான், அதுவும் பெருமையாக!

ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கும் சுற்றுப்பயணிகள், கடை வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் இருந்தால், 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கட்டணம் போகத் திரும்பப் பெறலாம். அதற்கு மூன்று உருண்டைகூடப் போதாது, நான்கு வாங்க வேண்டும். எனக்குக் கட்டுப்படியாகாது.