இரண்டாவது சிம்

நோக்கியாவை வீழ்த்தியது ஐபோன் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடை ஏறினாராம், அன்றோடு பின்லாந்துக்காரர்களின் கதை முடிந்ததாம். கலிபோர்னியாவில் இருந்தவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். நான் காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2006-இலிருந்து இதே தொழில். எங்கள் ஊரில் நடந்தது வேறு. அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது 2008 ஆகஸ்டில். 8 ஜிபி போன் 31,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு இங்கே ஒரு பழைய பைக்கே வாங்கிவிடலாம். என் மேஜைக்கு வந்தவை நோக்கியா 1100, 1600, கொஞ்சம் வசதியானவர்களிடம் 6600, கல்லூரிப் பையன்களிடம் என்-73 (N73). நோக்கியாவுக்குப் போட்டியாக வேறொன்று வரும் என்று அப்போது என் கடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1100 மாடல் மட்டும் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச் லைட், தூசி புகாத ரப்பர் கீபேட், வேர்த்த கையிலும் வழுக்காத பக்கவாட்டு. நம்மைப் போன்ற ஊர்களில் யார் எப்படிப் போன் பேசுகிறார்கள் என்று வந்து பார்த்துவிட்டுச் செய்த போன் அது.

சர்வீஸ் செய்கிறவனுக்கு அது ஒரு சுகம். டி6 ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். பேனலைக் கழற்றி, டிஸ்பிளேயை எடுத்து, ரிங்கரோ மைக்கோ மாற்றிவிட்டு, வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கையில் கொடுத்துவிடலாம். பி.எல்.5சி பேட்டரி எத்தனையோ மாடலுக்குப் பொருந்தும். அண்ணன் போனின் பேட்டரியைத் தம்பி போனில் போட்டுக்கொண்டு வெளியூர் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

அந்த நோக்கியாவை எங்கள் ஊரில் முதலில் அசைத்தது இரண்டாவது சிம் போடுகிற ஓட்டை.

அந்தக் காலத்தில் பேசும் கட்டணத்தைக் குறைக்கப் போட்ட ரேட் கட்டர் ரீசார்ஜ் கணக்கெல்லாம் இப்போது இருக்கிற பையன்களுக்குப் புரியாது. ஏர்செல்லிலிருந்து ஏர்செல்லுக்குப் பேசினால் ஒரு விலை, வேறு கம்பெனிக்குப் பேசினால் வேறு விலை, ராத்திரிக்குத் தனி விலை. 2009-இல் டாடா டொகோமோ வினாடிக்கு 1 பைசா என்று வந்ததும் ஆளுக்கொரு சிம் கூடுதலாக வாங்கினார்கள். எனக்குத் தெரிந்த பட்டுச் சேலை புரோக்கர் அண்ணன் ஒருவர் சட்டைப்பையில் ஒரு நோக்கியா, பேன்ட் பையில் ஒரு நோக்கியா என்று அலைவார். தறிக்காரர்களுக்கு ஒரு நம்பர், வெளியூர்க் கடைக்காரர்களுக்கு ஒரு நம்பர். "தம்பி, ரெண்டையும் ஒரே போன்ல போட ஏதாவது வழி பண்ணு" என்பார். இரண்டு சிம்மையும் வெட்டி ஒரே தகட்டில் ஒட்டி நோக்கியாவில் செருகும் ஒரு அடாப்டர் அப்போது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கிடைத்தது. ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் போனை அணைத்துப் போட வேண்டும். பிடிக்காத போனுக்காக யாராவது சிம்மை வெட்டிக் கொடுப்பார்களா? நோக்கியாவை விட்டுப் போக மனமில்லாமல்தான் அந்தச் சிரமத்தையும் பட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் 'சைனா செட்' வந்தது. இரண்டு சிம், பெரிய ஸ்பீக்கர், நீட்டி இழுக்கும் ஆண்டெனாவோடு டிவி. திறந்து பார்த்தால் பெரும்பாலும் தைவான் கம்பெனி மீடியாடெக்கின் சிப் இருக்கும். மீடியாடெக் வெறும் சிப்பை மட்டும் விற்கவில்லை. சர்க்யூட் வரைபடம், போனை இயக்கும் மென்பொருள் என்று எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தது. மேலே உறை மட்டும் செய்துகொண்டால் சீனாவின் ஷென்சென் நகரத்தில் யார் வேண்டுமானாலும் சில மாதத்தில் போன் கம்பெனி ஆகிவிடலாம். நோக்கியாவில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் செய்த வேலையை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கடையில் வைத்தது போல. ஐபோன் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் மீடியாடெக்குக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்குப் பெரிய மனக்குறை.

ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்க வேண்டிய ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் இல்லாத போன்களுக்கு 2009 டிசம்பர் 1 முதல் சேவை கிடையாது என்று அரசு சொன்னதோடு தரமில்லாத செட்டுகள் கொஞ்சம் ஒழிந்தன. ஆனால் அதே வழியில் சிப்பும் போனும் தருவித்து, முறையான பில், வாரண்டியோடு விற்க மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா, ஸ்பைஸ் எல்லாம் வந்துவிட்டார்கள். மைக்ரோமேக்ஸ் 2008-லேயே ஒரு மாதம் சார்ஜ் நிற்கும் என்று எக்ஸ்1ஐ போனைக் கொண்டு வந்திருந்தது. தினமும் கரண்ட் போகும் ஊரில் அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நோக்கியா இரண்டு சிம்மோடு சி1-00 போனை அறிவித்தது 2010-இல். அதிலும் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் வேலை செய்யும். இரண்டும் விழித்திருக்கும் சி2-00 வர 2011 ஆகிவிட்டது. என்னைக் கேட்டால் காரணம் இதுதான்: ஐரோப்பாவின் பல நாடுகளில் போனை அதிகம் விற்பதே சிம் தரும் சேவை நிறுவனங்கள். தான் தள்ளுபடி கொடுத்து விற்கும் போனில் போட்டி நிறுவனத்தின் சிம்மும் போகட்டும் என்று யார் ஒப்புக்கொள்வார்? 1100-ஐச் செய்யும்போது நம் ஊரைப் பார்த்த கம்பெனி, இதில் தன் ஊரைப் பார்த்துவிட்டது. புரோக்கர் அண்ணன் அதற்குள் மைக்ரோமேக்ஸுக்குப் போயிருந்தார்.

அப்புறம் ஆண்ட்ராய்டு. மீடியாடெக் சிப்பின் மேல் கூகுளின் இலவச மென்பொருளைப் போட்டால் ஸ்மார்ட்போன் ரெடி. நேற்று சைனா செட் விற்றவர்கள் இன்று ஸ்மார்ட்போன் விற்றார்கள். 2012 கடைசியில் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2 வந்தது. 5 அங்குலத் திரை, இரண்டு சிம், விலை 9,999. தறிக்காரர் வீட்டுப் பையன்கள் முதல் சம்பளத்தில் வாங்கிய போன் அது.

ஆண்ட்ராய்டில் குறை இல்லாமலா இருந்தது? சாம்சங் கேலக்ஸி ஒய் காலத்தில் தமிழில் வந்த எந்தச் செய்தியும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினி என்ற இணைய உலாவியைத் திறந்து, முகவரி இடத்தில் 'ஓபரா கான்ஃபிக்' அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற வரியில் 'யெஸ்' கொடுத்தால் தமிழ் தெரியும். இதற்காகவே கடைக்கு வருவார்கள். இதற்கு மட்டும் நான் காசு வாங்கியதில்லை. ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகு அந்தத் தொல்லை மெல்லப் போனது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-இல் ஐஓஎஸ் 7-ஓடு வந்தது.

இத்தனைக்கும் நோக்கியாவிடம் சரக்கு இல்லாமல் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான். 2007-இல் வந்த என்-95 போனில் 3ஜி, ஜிபிஎஸ், 5 மெகாபிக்சல் கேமரா எல்லாம் இருந்தன. முதல் ஐபோனில் 3ஜி கிடையாது, வீடியோ எடுக்க முடியாது, வெட்டி ஒட்டக்கூட முடியாது. ஆனால் விரல் பட்டதும் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வந்ததும் வெளியாட்கள் செய்த செயலிகள் குவிந்தன. நோக்கியா ஸ்மார்ட்போன்களை இயக்கிய சிம்பியன் மென்பொருளோ சிறிய நினைவகமும் சார்ஜ் சிக்கனமும் முக்கியமாக இருந்த காலத்தில், பட்டன் போனுக்காகப் பிறந்தது. அதில் செயலி எழுதுவது பெரிய தலைவலி என்று எழுதியவர்களே சொல்வார்கள். அது பழசாகிறது என்று நோக்கியாவுக்கும் தெரியும். லினக்ஸை வைத்து மேமோ என்று புதிய இயக்க மென்பொருள் ஒன்றை 2005-லேயே தன் 770 கருவியில் போட்டுவிட்டார்கள். ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் முன்னால்! ஆனால் வீட்டுக்குள் சிம்பியன்தான் சோறு போட்டது. மேமோ ஓரமாகவே உட்கார்ந்திருந்தது. 2010-இல் இன்டெலோடு சேர்ந்து அதையே மீகோ ஆக்கினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் ஈலாப் தலைமைக்கு வந்தார். 2011 பிப்ரவரி 11 அன்று, இனி எங்கள் ஸ்மார்ட்போனுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் மென்பொருள்தான் என்று லண்டனில் அறிவித்தார்கள். நான்கு மாதம் கழித்து ஜூனில், சிங்கப்பூரில் மீகோ போட்ட என்-9 போனை அறிமுகப்படுத்தினார்கள். முகப்பில் ஒரு பட்டன் கிடையாது. ஓரத்திலிருந்து விரலால் இழுத்தால் போதும், எல்லா வேலையும் நடக்கும். இன்றைக்கு ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் நாம் செய்கிற அதே இழுப்புதான். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் இது வெற்றி பெற்றாலும் மீகோவுக்குத் திரும்ப மாட்டோம் என்று தலைவரே சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை எடுத்துவிட்டார்கள்.

சரி, அதற்குப் பதிலாக விண்டோஸோடு வந்த நோக்கியா லூமியா எங்கள் மேஜையில் எப்படி இருந்தது? பார்க்க அழகு. கையில் எடுத்தால் கீழே வைக்கத் தோன்றாது. ஆனால் வாங்கினவர் அடுத்த நாள் கடைக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "மெமரி கார்டு எங்க போடறது?" லூமியா 800, 710, 610 எதிலும் அந்த ஓட்டை கிடையாது. புளூடூத்தில் பாட்டு அனுப்பவும் அப்போதைய விண்டோஸ் போனில் வழி இல்லை. எங்களைப் போன்ற கடைகளுக்கு அன்று பாதி வருமானமே மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தருவதுதான். கல்யாண வீட்டில் நண்பன் போனிலிருந்து பாட்டு வாங்க முடியாத போனை எந்தப் பையன் வைத்துக்கொள்வான்? இது போதாதென்று, 2012-இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது பழைய லூமியாக்களுக்கு அது கிடைக்காது என்றார்கள். லூமியா 900 அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. 2013-இன் லூமியா 520-இல் மெமரி கார்டும் வந்தது, புளூடூத்தும் சரியானது, நன்றாகவும் விற்றது. அதற்குள் ஜனங்கள் ஆண்ட்ராய்டில் பழகிவிட்டார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. நன்றாக நடந்த காலத்தில் அங்கே நேரடியாக மட்டும் 8,000 பேர் வரை வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வரும் பெண்கள் போனைக் கையில் வாங்கியதுமே, "அண்ணா, இது எங்க லைன்ல போன மாடல்" என்பார்கள். எந்த ஸ்க்ரூ எங்கே என்று எனக்கே சொல்லித் தருவார்கள். அந்தப் பெருமையை நேரில் பார்த்தவன் நான்.

2013 செப்டம்பரில் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் குறைந்து, விருப்ப ஓய்வு அறிவித்து, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வரிப் பிரச்சினைதான் ஆலையை மூடியது என்பார்கள் சிலர், சந்தை போனதுதான் காரணம் என்பார்கள் சிலர். என்னைப் பொறுத்தவரை இரண்டும்தான். ஆனால் சந்தை நன்றாக இருந்திருந்தால் அந்த வழக்குக்கு ஒரு தீர்வு கண்டிருப்பார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிய பெண்களை நான் பார்த்தேன். அந்த வயதில் அது என்ன ஓய்வு?

இப்போது அதே சாலையில், சுங்குவார்சத்திரம் பக்கம், ஃபாக்ஸ்கானில் ஐபோன் செய்கிறார்கள். நோக்கியா இருந்த கட்டிடத்தைச் சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. வேலை திரும்ப வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். போட்டியில் மிஞ்சியது ஆப்பிளும் கூகுளும் மட்டும்தான் என்பதில் சந்தோஷம் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டை வைத்துத் தன் மற்ற சேவைகளைத் திணிப்பதாகச் சொல்லி கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மூன்றாவதாக ஒருவன் இருந்திருந்தால் ஆணையம் செய்ததைச் சந்தையே செய்திருக்கும்.

எங்கள் ஊரில் ஜனங்கள் போனைத் தேர்ந்தெடுத்தது கையால் போட்டு எடுக்க முடிகிறவற்றை வைத்து: இரண்டாவது சிம், மெமரி கார்டு, பேட்டரி. ஜெயித்தவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டே வருகிறார்கள். பேட்டரியை ஒட்டிவிட்டார்கள். விலை கூடின ஆண்ட்ராய்டு பலவற்றில் மெமரி கார்டு ஓட்டை போய்விட்டது. ஐபோன் 4 காலத்திலேயே சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாத ஐந்து இதழ் ஸ்க்ரூ வந்தது. ஐபோன் எக்ஸ்எஸ் மாடலிலிருந்து, வெளிக்கடையில் பேட்டரி மாற்றினால் அசல்தானா என்று சரிபார்க்க முடியவில்லை என்று போனே சொல்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் போனைத் திறக்க உரிமை உண்டு என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், பயன்படுத்துகிறவரே சாதாரணக் கருவியால் பேட்டரியைக் கழற்றி மாட்டும்படி போன் இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. சில விலக்குகள் உண்டு. அங்கே ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் செய்வார்களா, இல்லை ஒரே போனை எல்லா நாட்டுக்கும் அனுப்புவார்களா என்றுதான் ரிச்சி தெருவில் ஸ்பேர் வாங்கப் போகும்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம்.