ஏ2 லைசென்ஸில் பைக் வாங்குவது: சிசி அல்ல, கிலோவாட்

பிரிட்டனில் ஏ2 (சக்தி வரம்புள்ள நடுத்தர பைக் லைசென்ஸ்) எடுத்த நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சிசி வரைக்கும் ஓட்டலாம்?" சிசிக்கு உச்சவரம்பே கிடையாது. பார்க்க வேண்டியது மூன்று கணக்கு. சக்தி 35 கிலோவாட்டுக்குள், அதாவது 47 பிஎச்பிக்குள். ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்குள், முழு 35 வேண்டுமானால் வண்டி 175 கிலோவாவது இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: சக்தியைக் குறைத்த பைக் என்றால், அதன் அசல் சக்தி குறைத்த சக்தியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது.

2013 ஜனவரிக்கு முந்தைய விதியில் வரம்பு 25 கிலோவாட், 33 பிஎச்பி. அந்தக் காலத்துச் சக்தி குறைப்பு கிட் மாட்டிய பைக்குகள் இன்னும் விலைக்கு வருகின்றன. 33 பிஎச்பி கிட் போட்ட சுசூகி எஸ்வி650 ஏ2-வுக்கு ஆகாது. சக்தி குறைவுதானே என்று தோன்றும்; ஆனால் அசல் சக்தி 50 கிலோவாட்டுக்கு மேல், இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. யமஹா எம்டி-07-ஐ 35-க்குக் குறைத்தால் சரி. முழு சக்தி எம்டி-09-ஐ எப்படிக் குறைத்தாலும் ஆகாது.

பழைய பைக் பார்க்கப் போனால் லாக்புக்கை (வண்டியின் பதிவுப் பத்திரம்) கேளுங்கள். பி.2 என்ற இடத்தில் கிலோவாட் இருக்கும். அது காலியாகவோ அசல் சக்தியைக் காட்டியோ இருந்தால், கிட் மாட்டியவர் கொடுத்த சான்றிதழ் வேண்டும். அதிலுள்ள சேஸிஸ் நம்பரை வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் நம்பரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குங்கள். த்ராட்டில் ஸ்டாப் (ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறக்காமல் தடுக்கும் தடுப்பு) இருந்தால் பாதி வழியிலேயே கைப்பிடி தட்டி நிற்கும். இசியூ மேப்பில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளில்) குறைத்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. டைனோ என்ற சக்தி அளக்கும் மெஷினில் ஏற்றினால்தான் தெரியும். அதிலும் பின்சக்கரத்தில் அளப்பதால் எண் கொஞ்சம் குறைந்தே வரும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், கம்பெனியிலிருந்தே வரம்புக்குள் வரும் பைக்கை எடுங்கள். எங்கள் முதல் சிபாரிசு ஹோண்டாவின் 471 சிசி வரிசை. குட்டையானவர்களுக்கு அதில் ரெபெல் 500. சீட் 690 மில்லிமீட்டர்தான், இரண்டு காலும் தரையில் ஊன்றும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் சீட் 825, உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். சென்னைப் பக்கம் தயாராகும் அதே கம்பெனியின் இன்டர்செப்டர் 650 கிட் இல்லாமலே ஏ2-வுக்குள் வரும். ஆனால் 200 கிலோவுக்கு மேல் எடை. கராஜில் தள்ளித் திருப்பிப் பாருங்கள்.

கிட் மாட்டினாலும் கழற்றினாலும் இன்சூரன்ஸ்காரரிடம் முதலில் சொல்லுங்கள். ஏ லைசென்ஸ் (சக்தி வரம்பில்லாத முழு பைக் லைசென்ஸ்) வருமுன் கழற்றி ஓட்டினால் காப்பீடு செல்லாமல் போகலாம். காப்பீடில்லாமல் ஓட்டியதாக வழக்கு வந்தால் லைசென்ஸில் குறைந்தது 6 பெனால்டி பாயின்ட். முதல் முழு லைசென்ஸ் வாங்கி 2 வருடம் ஆகாதவருக்கு அந்த 6 பாயின்ட்டிலேயே லைசென்ஸ் ரத்தாகும்.

இப்போது 23 வயது என்றால் ஏ2 எடுப்பதற்கு முன் யோசியுங்கள். 24-இல் நேரடியாக ஏ தேர்வு எழுதலாம். இப்போது ஏ2 எடுத்தால், ஏ-வுக்காகப் பெரிய பைக்கில் மறுபடி தேர்வு.