எலி போசமான கதை

'போசம் மேஜிக்' படப்புத்தகத்தில், வெஜிமைட் (ஈஸ்ட்டில் செய்த உப்பான தடவல்) சாண்ட்விச் தின்றதும், கண்ணுக்கே தெரியாத குட்டிப் போசத்துக்கு (மரமேறும் ஆஸ்திரேலியப் பை விலங்கு) முதலில் வால் மட்டும் வருகிறது. நூலகத்தில் இன்று ஒரு சிறுமி, பக்கத்தைப் புரட்டாமல் அந்த வாலையே தடவிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் மெம் ஃபாக்ஸ் இந்தக் கதையை 1978இல், அடிலெய்டின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடப் பயிற்சியாக எழுதினார். அப்போது நாயகி ஓர் எலி!

ஐந்து வருடம். ஒன்பது பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின.

ஏற்றுக்கொண்ட ஆம்னிபஸ் புக்ஸ், மூன்றில் இரண்டு பங்கை வெட்டச் சொன்னது. ஆஸ்திரேலிய மணமும் கேட்டது.

சரியான வெட்டு. படப்புத்தகத்தில் சொல் பெருத்தால் ஓவியத்துக்கு இடமிருக்காது. உரக்க வாசிப்பவருக்கு மூச்சு முட்டும்.

எலி போசமானது. கண்ணுக்குத் தெரிய, ஆஸ்திரேலிய ஊர்களில் அந்நாட்டுப் பண்டங்களைத் தின்கிறது: டார்வினில் வெஜிமைட், பெர்த்தில் பாவ்லோவா என்ற மெரிங் கேக், ஹோபார்ட்டில் லாமிங்டன் என்ற சாக்லேட்-தேங்காய் கேக். 1983இல் ஜூலி விவாஸின் ஓவியங்களோடு 'போசம் மேஜிக்' வெளிவந்தது.